அம்மாவின் கால் இழுப்புக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுக்கலாமா?

தாம்வே மகள் (ரங்கூன்):

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயசு. ரெண்டு மாசமா ராத்திரி ரெண்டு மணி வாக்குல கெண்டைக்கால் சுண்டி இழுக்குது. வாயைப் பொத்திக்கிட்டு அழுறாங்க. நான் எழுந்து போய்ப் பாதத்தை மேல்பக்கமா மடக்கிப் பிடிச்சு நீவி விட்டா அஞ்சு நிமிஷத்துல விடும். கரண்டு இல்லாத ராத்திரியில டார்ச்சைப் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டுத் தேய்க்கிறேன்.

பாங்காக்ல வேலை பார்க்கிற சித்தி மகன் போன வாரம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினான். முன்பக்கம் மெக்னீசியம் 500 மில்லிகிராம்னு பெரிசா போட்டிருக்கு. "அங்க எல்லாரும் சாப்பிடுறாங்கக்கா, தூக்கம் வரும், இழுப்பு நிக்கும், வயிறும் லேசா போகும்"ங்கிறான். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. பிரஷருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நாலு வருஷமா மாத்திரை போடுறாங்க. இதையும் கூடச் சேர்த்து ஆரம்பிக்கலாமா? டப்பா இன்னும் பிரிக்காம சாமி மாடத்துக்குக் கீழே இருக்கு. சத்து மாத்திரைதானேன்னு அம்மாவே கேக்கிறாங்க.

பெகு தாய்:

மெக்னீசியம் மாத்திரையிலயே பல வகை உண்டு. நான் எட்டு மாசமா கிளைசினேட் வகை சாப்பிடுறேன்க்கா, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. எனக்குத் தூக்கம் கொஞ்சம் நல்லா வர்ற மாதிரிதான் இருக்கு. ஆக்சைடு வகையை முதல்ல சாப்பிட்டேன், ஒரே வயித்துப்போக்கு. உங்க டப்பாவில எந்த வகைன்னு பின்பக்கம் பாருங்க.

மௌல்மீன் பெரியவர்:

மகளே, பிரிக்காம வச்சது நல்லதாப் போச்சு. முப்பது வருஷம் மருந்துக்கடையில நின்னவன் சொல்றேன், டப்பாவை அப்புறம் பார்க்கலாம். அம்மா இப்பப் போடுற மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில பரப்பு.

பிரஷர் மாத்திரை அட்டையில ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு ஒரு பேர் சேர்ந்திருக்கான்னு பாரு. தனியா இருக்காது, பெரும்பாலும் லோசார்டான் மாதிரி இன்னொரு மருந்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அது உப்பையும் தண்ணியையும் சிறுநீர்ல இறக்கிப் பிரஷரைக் குறைக்கிற மருந்து. கூடவே பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கிப் போகும். அடுத்தது நெஞ்செரிச்சல் மாத்திரை. ஒமிப்ரசோலா, பான்டோப்ரசோலா? இந்தக் குடும்பத்து மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேல போட்டா ரத்தத்துல மெக்னீசியம் குறையலாம்னு 2011-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிச்சது. அவங்க பார்த்த நோயாளிகள்ல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறலை. நெஞ்செரிச்சல் மாத்திரையை நிறுத்தின பிறகுதான் சரியாச்சு. அம்மா இந்த ரெண்டையும் நாலு வருஷமா போடுறாங்கன்னா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான். ஓட்டை எங்கேன்னு முதல்ல தெரியணும். அதுக்காக நீயா எந்த மாத்திரையையும் நிறுத்திடாதே. அது டாக்டர் வேலை.

இன்னொண்ணு, இதை எழுத மனசு கூசுது, ஆனா சொல்லித்தான் ஆகணும். என் அண்ணனுக்கு சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. மலச்சிக்கல்னு சொன்னாரு. வெள்ளையா பால் மாதிரி இருக்குமே, அந்த மருந்தைப் பாட்டில் பாட்டிலா எடுத்துக் கொடுத்தது நான்தான். அது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. நல்ல சிறுநீரகம்னா மிஞ்சினதை வெளியே தள்ளிடும், கெட்டுப் போனா உள்ளேயே தங்கிடும். மூணு வாரத்துல மனுஷன் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்காம கிடந்தாரு, நாடி 40-க்கு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிஞ்சது. டயாலிசிஸ் பண்ணிக் காப்பாத்தினாங்க. அன்னையிலிருந்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல காட்டுற கிரியேட்டினின் எவ்வளவுன்னு கேட்காம யாருக்கும் இதை நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

அதனால மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், கிரியேட்டினின், நாலுக்கும் ரத்தம் கொடுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. உடம்புல இருக்கிற ஏறக்குறைய 25 கிராம் மெக்னீசியத்துல பாதிக்கு மேல எலும்புலதான் இருக்கு, ரத்தத்துல ஓடுறது நூத்துல ஒரு பங்குகூட இல்லை. ரத்தத்துல சரியா இருந்தா உள்ளே குறையே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரத்தத்துலயே குறைஞ்சிருந்தா அது நிஜமான குறை.

இழுப்புக்குப் பலன் உண்டான்னு கேட்டா, காரணம் தெரியாத ராத்திரி இழுப்புக்கு வயசானவங்ககிட்ட மெக்னீசியம் பெரிசா உதவாதுன்னுதான் 2020-ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை, சொல்லுது. குறை இருக்கிறவங்க கதை வேற.

டப்பா விஷயம்: 500-ங்கிறது மெக்னீசியத்தோட ஒட்டியிருக்கிறதும் சேர்ந்த மொத்தச் சேர்மத்தோட எடையா, அதுக்குள்ள இருக்கிற மெக்னீசியம் மட்டுமான்னு பாரு. ஆக்சைடா இருந்து அது சேர்மத்தோட எடைன்னா, மெக்னீசியம் 300 பக்கம் இருக்கும். சிட்ரேட்ல நூத்துக்குப் பதினாறு, கிளைசினேட்ல பதினாலுதான். ஆக்சைடுல அளவு நிறைய, ஆனா குடல் உறிஞ்சுறது கொஞ்சம், மீதி தண்ணியை இழுத்துக்கிட்டு வெளியே போகும். பெகு தங்கச்சிக்கு ஆனது அதுதான். சாப்பாட்டுல வர்றதைக் கணக்குல சேர்க்காம, மாத்திரையா மட்டும் ஒரு நாளைக்கு 350 மில்லிகிராம் மெக்னீசியத்துக்கு மேல வேண்டாம்னு அமெரிக்காவுல வரம்பு, ஐரோப்பாவுல 250.

தாம்வே மகள்:

ஐயா, படிச்சிட்டு உடனே அட்டையைப் பார்த்தேன். நீங்க சொன்ன அதே ரெண்டும்தான், லோசார்டானோட ஹைட்ரோகுளோரோதயசைடு, அப்புறம் ஒமிப்ரசோல் 20. கை நடுங்கிடுச்சு. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்துல "ஒரு வேளைக்கு ரெண்டு மாத்திரை"ன்னு இருக்கு. அப்ப 500-ங்கிறது ரெண்டு மாத்திரைக்கு, ஒண்ணுக்கு 250. ஆக்சைடும் சிட்ரேட்டும் கலந்தது. நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போறோம்.

பயணத்தில் இருப்பவன்:

நடுவுல ஒரு வார்த்தை. காட்டு வேலைக்குப் போறவங்க மலேரியாவுக்கு டாக்சிசைக்கிளின் போடுவாங்க இல்லையா, என் தம்பி அதையும் மெக்னீசியத்தையும் சேர்த்து ஒரே வாயில போட்டுக்கிட்டிருந்தான். ரெண்டும் வயித்துக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மருந்து உடம்புல ஏறாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. டாக்சியைப் போட்டு ரெண்டு மணி நேரமாவது கழிச்சுத்தான் மெக்னீசியம். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி வேணும். சிப்ரோஃபிளாக்சசினுக்கும் இதே தொல்லை உண்டு.

மௌல்மீன் பெரியவர்:

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம், நான் விட்டுட்டேன்.

மகளே, ரிசல்ட் வர்ற வரைக்கும் சாப்பாட்டைக் கவனி. சிறுநீரகம் நல்லா இருக்கிறவங்களுக்கு அதுல பயமில்லை. அம்மா வயசுப் பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 320 மில்லிகிராம் மெக்னீசியம் வேணும். தீட்டின வெள்ளை அரிசிச் சோறு 100 கிராம்ல பன்னிரண்டுதான் இருக்கு, தவிட்டோட மீதி போயிடுது. உளுந்து 100 கிராம்ல 260-க்கு மேல. இந்தியாவுக்குக் கப்பல் கப்பலா ஏத்துறோமே, அதே நம்ம உளுந்துதான். எள்ளு 350. லஃபெட் தட்டுல, அதான் நம்ம பர்மாவுல ஊறவச்ச தேயிலையோட சாப்பிடுற தட்டுல, எள்ளும் வேர்க்கடலையும் பொரிச்ச பருப்பும் இருக்கு, ஆனா ராத்திரி வேண்டாம், தேயிலை தூக்கத்தைக் கெடுக்கும். காலையில தோசையோட எள்ளுப்பொடி கொடு. பூசணி விதையைத் தூக்கிப் போடாதே, வறுத்து உடைச்சா உள்பருப்புல எள்ளைவிட அதிகம்.

தாம்வே மகள்:

ஐயா, வந்துடுச்சு. மெக்னீசியம் 1.4, அந்த லேப்ல 1.7-லிருந்து சரின்னு போட்டிருக்கு. பொட்டாசியம் 3.4, அதுவும் கொஞ்சம் குறைவுதான். கால்சியமும் கிரியேட்டினினும் சரியா இருக்கு. டாக்டர் ஒமிப்ரசோலை நிறுத்திட்டு, நெஞ்செரிச்சலுக்கு வேற குடும்பத்து மாத்திரையான ஃபமோட்டிடின் எழுதினாரு. பிரஷர் மாத்திரையைத் தண்ணி இறக்காத வகைக்கு மாத்தினாரு. டப்பாவைக் காட்டினேன். ராத்திரி சாப்பிட்டதும் ஒரே ஒரு மாத்திரை, ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம்னு சொன்னாரு. நேத்து ராத்திரி இழுப்பு வந்தது, ஆனா வலி முன்னைவிடக் குறைச்சல்னு அம்மா சொன்னாங்க. உங்க அண்ணன் இப்ப எப்படி இருக்காங்க?

மௌல்மீன் பெரியவர்:

அண்ணன் அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாரு, போன தையில தவறிட்டாரு. அம்மாவுக்கு அந்த மாத்திரையில வயித்துப்போக்கு ஆரம்பிச்சா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லு, போற போக்குல இருக்கிற மெக்னீசியமும் போயிடும். அடுத்த ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுது, மகளே.