நியூஜெர்சி ஹைஸ்கூலில் வேற்றுமொழி கிரெடிட்டுக்குத் தமிழ் செல்லுமா?

கோவைக்காரி:
போன ஆகஸ்டில்தான் இங்கே வந்தோம். மகன் பத்தாவது. ஊரில் ஒன்பதாவது வரை தமிழ் படித்தவன். கிராஜுவேஷனுக்கு வேற்றுமொழியில் 5 கிரெடிட் (இங்கே ஒரு வருடப் பாடம்) கட்டாயம் என்று கவுன்சிலர் அவனை ஸ்பானிஷ் 1-இல் போட்டுவிட்டார். கூட இருப்பவர்கள் எல்லாம் இவனைவிடச் சின்னப் பிள்ளைகள், மிடில் ஸ்கூலிலேயே கொஞ்சம் ஸ்பானிஷ் படித்தவர்கள். ராத்திரி பத்து மணிக்கு "தெங்கோ, தியெனெஸ், தியெனெ" என்று ஒப்பிக்கிறான். நான் தோசைக்கரண்டியோடு நின்று புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறேன். தமிழையே கணக்கில் எடுக்க மாட்டார்களா என்று கேட்டதற்கு, "தமிழில் ஏபி தேர்வு இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். (ஏபி என்றால் ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வாம்.) திருதிருவென்று விழித்துவிட்டு வந்துவிட்டேன்.

எடிசன் அப்பா:
தமிழுக்கு ஏபி கிடையாதுங்க. அது தேவையும் இல்லை. மாநில விதியிலேயே இரண்டு வழி உண்டு: 5 கிரெடிட் எடுப்பது, இல்லாவிட்டால் மொழித்திறனைத் தேர்வில் காட்டுவது. மொழித்திறனை அளக்கும் ஆக்ட்ஃபுல் அளவுகோலில் நோவிஸ்-ஹை, அதாவது தொடக்க நிலையின் மேல்படி, போதும். உங்கள் பையனுக்கு அதெல்லாம் தூசு. அவான்ட் என்ற நிறுவனம் நடத்தும் ஸ்டாம்ப் என்ற மொழித் தேர்வில் தமிழ் உண்டு, எழுதுவதும் பேசுவதும். ஆனால் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். எந்தத் தேர்வை ஏற்பது என்பது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கையில். அங்கே மொழிப் பாடங்களைக் கவனிக்கும் வேர்ல்ட் லாங்குவேஜ் சூப்பர்வைசருக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி எங்களுக்கு ஆறு மாதம் வீணாகப் போயிற்று.

என் மகள் இங்கேயே பிறந்தவள், ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளி போனவள். வீட்டில் வாய் மூடமாட்டாள். தேர்வில் எதிரே ஆள் இல்லை, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். முதல் கேள்விக்கு "ம்... ஆமா" என்றதோடு சரி. எழுதுவதோ தட்டச்சில். 'ழ' எங்கே என்று தேடியே பாதித் தெம்பு போய்விட்டது. உங்கள் பையன் கையால் பக்கம் பக்கமாக எழுதுவான், கீபோர்டில் அடித்திருக்கிறானா?

டாலஸ் மீனு:
எங்கள் டெக்சஸில் 2 கிரெடிட் (இங்கே அது இரண்டு வருடப் பாடம்), அதுவும் ஒரே மொழியில். வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதினால் 80 வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் புரோகிராமிங்கையும் மொழி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். (தொல்காப்பியர் பார்த்தால் என்ன சொல்வாரோ!) அதை விடுங்கள். கோவைக்காரி, ஸ்பானிஷை உடனே விட்டுவிடாதீர்கள். ஸ்கூலுக்குப் போதுமானது காலேஜுக்குப் போதாது. ஒரே மொழியில் இரண்டு வருடம் கேட்கும் கல்லூரிகள் நிறைய. தமிழ்த் தேர்ச்சியை டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) எப்படிக் காட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

எடிசன் அப்பா:
மீனு சொல்வது சரி. இன்னொன்று, தமிழில் அதே அளவுகோலின் இன்டர்மீடியட்-மிட் (இடைநிலையின் நடுப்படி) வரை போனால், ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால், இருமொழித் தேர்ச்சிக்கு நியூஜெர்சி தரும் சீல் ஆஃப் பைலிட்டரசி அங்கீகாரத்துக்கும் ஆகும். ஒரே உழைப்புதானே.

கோவைக்காரி:
ரொம்ப நன்றி. சூப்பர்வைசருக்கு மெயில் போட்டேன், "ஏற்கும் தேர்வுகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. அதுவரை ஸ்பானிஷ் தொடரட்டும். நேற்று தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு கீபோர்டைப் போட்டுக் கொடுத்து, பொங்கல் பற்றி ஐந்து வரி அடிடா என்றேன். இருபது நிமிஷம் ஆயிற்று. முடித்துவிட்டு, "இதுக்கு ஸ்பானிஷே தேவலைம்மா" என்கிறான்.