வெட்டாமல் எடுக்கும் படிமத்தில் ‘வெட்டு’ எதற்கு?

அனைவருக்கும் வணக்கம்.

எக்ஸ் கதிரால் உறுப்பின் உட்புறத்தை முப்பரிமாணமாகக் காட்டும் ‘ஃபேஸ் கான்ட்ராஸ்ட் டோமோகிராஃபி’க்குத் தமிழ் கேட்டு நண்பர் தொடங்கிய இழையில், ‘கட்ட வேறுபாட்டு வெட்டுவரைவியல்’ என்பதற்கு ஆதரவு கூடிவருகிறது. எனக்கு அதில் ‘கட்டம்’, ‘வெட்டு’ இரண்டும் உறுத்துகின்றன. காரணம் சொல்வதற்கு முன் அந்த முறை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பொருள் பிடிபட்டால் சொல் தானே வரும் என்பது என் நம்பிக்கை. சில நேரம் வராது என்பது அனுபவம்.

வழக்கமான எக்ஸ் கதிர்ப் படம் உட்கவர்தலை நம்பியிருக்கிறது. எலும்பிலுள்ள கால்சியம் கதிரை விழுங்குகிறது, நிழல் விழுகிறது. மென்திசுவோ பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன். இந்த இலேசான தனிமங்கள் கதிரைப் பெரிதாக விழுங்குவதில்லை. தசையும் குருதிக்குழாயும் ஒரே மூட்டமாகத் தெரியும். ஆனால் திசுவுக்குள் நுழைந்து வெளியேறும் அலை சற்று முன்பின்னாக நகர்ந்துவிடுகிறது; அதாவது அதன் ‘ஃபேஸ்’ மாறுகிறது. ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களில், இந்த நகர்வைத் தீர்மானிக்கும் எண் உட்கவர்தலுக்குரிய எண்ணைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு பெரியது. உணர்கருவியைத் திசுவிலிருந்து தள்ளி வைத்தால், நகர்ந்த அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, திசுவின் விளிம்புகளைக் கோடுகளாகத் தீட்டிக் காட்டும். ஒளி நுண்ணோக்கியில் அலைகளின் இதே நகர்வைக் கண்ணுக்குத் தெரியவைத்ததற்குத்தான் டச்சு இயற்பியலாளர் செர்னிக்கே 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

2021இல் வெளியான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும், பிரான்சின் கிரெனோபிளில் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டுச் செறிவான எக்ஸ் கதிர் உண்டாக்கும் ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் நிலையத்தினரும், மருத்துவர்களுடன் சேர்ந்து செய்தது. இறந்தோர் கொடையாகத் தந்த உறுப்புகளை எத்தனாலில் ஊறவைத்து, அசையாதிருக்க அகார் என்ற கடற்பாசிக் கூழில் பொதிந்து, கதிரின் முன் சுழற்றினார்கள். முழு நுரையீரல் சுமார் 25 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் கிடைத்தது. பிறகு அதே நுரையீரலின் உள்ளே வேண்டிய இடத்தை மட்டும் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் வரை நெருங்கிப் பார்த்தார்கள். கத்தி படவே இல்லை. வழக்கமான திசுவியலில் 5 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவினால் ஒரு சென்டிமீட்டர் துண்டுக்கே 2000 சீவல்கள் தேவைப்படும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது ‘ஃபேஸ்’ என்பதற்கு வைத்த ‘கட்டம்’. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் அது நிலைத்த சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குழுவில் இயற்பியலாளருக்குப் பக்கத்தில் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் ‘கட்டம்’ என்றால் நோயின் கட்டம், மருந்துச் சோதனையின் மூன்றாம் கட்டம். கணினியாளருக்கோ அது சதுரம். ஒரே அறையில் மூன்று பொருளோடு உலவும் சொல்லை நான் வைக்க மாட்டேன். இலங்கை வழக்கில் ‘அவத்தை’ என்பார்கள். நிலை என்று பொருள். அதையொட்டி ‘அலைநிலை’ என்கிறேன். எந்த அலையின் எந்த நிலை என்ற கேள்வி எழும். எழட்டும், சரியான கேள்விதான்.

‘வெட்டு’ கிரேக்க மூலத்துக்கு நேர்மையானது என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். உண்மை, ‘டோமோஸ்’ என்றால் வெட்டியது, துண்டு. ஆனால் ‘ஆட்டம்’ என்ற சொல்லிலும் அதே வேர் இருக்கிறது: வெட்ட முடியாதது. நாம் அதை ‘வெட்டாதது’ என்றா மொழிபெயர்த்தோம்? ‘அணு’ என்று நம் சொல்லை எடுத்துக்கொண்டோம். ஆகவே என் பரிந்துரை ‘அலைநிலை அடுக்குப்படிமம்’. சீவாமல் இப்படிப் படிமத்திலேயே திசுவைப் பார்க்கும் ‘விர்ச்சுவல் ஹிஸ்டாலஜி’க்கு ‘மெய்நிகர் திசுவியல்’ என்பதைவிட ‘வெட்டாத் திசுவியல்’ எனலாம். இலக்கணத்தில் ‘ஓடாக் குதிரை’ என்ற எடுத்துக்காட்டு ஓடுகிறதல்லவா, இதுவும் ஓடும்.

பதில்:

ஐயா, ‘அலைநிலை’ எனக்குச் சம்மதம். ‘அடுக்கு’ வேண்டாம். நான் நோயியல் மருத்துவர். தோலுக்கு அடுக்குகள் உண்டு, குருதிக்குழாய்ச் சுவருக்கு உண்டு. ‘தோல் அடுக்குகளின் அடுக்குப்படிமம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘வெட்டாத் திசுவியல்’ காதுக்கு இனிமை, ஆனால் ஏமாற்றும். உங்கள் படிமம் சாம்பல் நிறத்தில்தான் வருகிறது. சாயமேற்றிய சீவலில் உட்கரு நீலமாகவும் சுற்றியுள்ளது இளஞ்சிவப்பாகவும் தெரிவதை வைத்துத்தான் நாங்கள் நோயைப் பெயரிடுகிறோம். படிமம் எடுத்த அதே உறுப்பைப் பிறகு சீவிச் சரிபார்க்கவும் செய்கிறார்கள். கத்திக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

பதில்:

தோல் உதாரணத்தோடு ‘அடுக்கு’ விழுந்துவிட்டது, டாக்டர். ‘வெட்டாத் திசுவியல்’ மீது எனக்கு ஆசை அதிகம்; இருந்தாலும் அதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இரவு முழுக்க யோசித்ததில், விடை ‘அலைநிலை அடுக்குப்படிமம்’ என்ற தொடரின் கடைசியில் உள்ள ‘படிமம்’ என்ற சொல்லிலேயே இருந்ததாகத் தோன்றுகிறது. கவிதை விமர்சனத்தில் புழங்குவதால் ‘படிமம்’ என்றதும் மனக்காட்சி என்று நினைக்கிறோம். செப்புப் படிமம், படிமக்கலை என்கிறோமே, அங்கே அது சிலை. சுற்றிவந்து பார்க்கக்கூடிய உரு. முப்பரிமாணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் தட்டையான எக்ஸ் கதிர்ப் படம் ‘ஊடுபடம்’, சுழற்றி எடுத்துக் கணித்துக் கட்டியது ‘ஊடுபடிமம்’. ‘ஊடுகதிர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் புதிதாக விளக்க வேண்டியதும் இல்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “முழு இதயத்தையும் அலைநிலை ஊடுபடிமமாக எடுத்தபின், அதன் தசையிழைகள் திரும்பும் திசையைக் கணித்தனர்.” மூச்சு முட்டவில்லை. ‘வேறுபாட்டு’ என்பதையும் விட்டுவிட்டேன். யாரும் தேட மாட்டார்கள்.

முப்பரிமாணப் படிமத்தின் மிகச் சிறிய கூறான ‘வோக்சல்’ மட்டும் மிச்சம். கன அளவுள்ள அணு என்ற பொருளில் ‘கனவணு’ என்று எழுதிவைத்திருந்தேன். மகள் வாசித்துவிட்டு, கனவுக்குக்கூட அணு உண்டா என்று கேட்டாள். ‘கனப்புள்ளி’ என்று மாற்றியிருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.