‘பிரீலோட்’ என்பதற்கு ‘அச்சணைவு’: கிராங்க் பொருத்தும் வேலையிலிருந்து ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பேரிங்கில் வேலைப்பளு வந்து சேர்வதற்கு முன்பே இருக்கும் அழுத்தத்தைக் குறிக்கும் ‘பிரீலோட்’ (preload) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முன்சுமை, முன்னழுத்தம், முன்னிறுக்கம் என்று மூன்று பரிந்துரைகள் இங்கே வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அகராதியைக் கொண்டு வாதிடாமல், இந்தச் சொல் அன்றாடம் புழங்க வேண்டிய இடமான ரோடு சைக்கிளில் கிராங்கை (பெடல் மாட்டும் கையை) பொருத்தும் வேலையை வைத்தே என் காரணங்களைச் சொல்கிறேன்.

ஷிமானோ நிறுவனத்தின் 24 மி.மீ. அச்சுள்ள கிராங்கைப் பொருத்தும்போது மூன்று இடங்களில் திருக வேண்டியிருக்கிறது. பேரிங் கிண்ணங்களைச் சட்டத்தின் அடிக்குழலில் (கிராங்க் அச்சு நுழையும் குறுக்குக் குழலில்) 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் (திருகுவிசையின் அலகு) வரை திருகுகிறோம். இடது கிராங்கின் முகத்திலுள்ள சிறிய பிளாஸ்டிக் மூடிக்கு 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் போதும். விரல்களால் திருகும் அளவுதான் அது. பிறகு, கிராங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை திருகுகிறோம். முதலாவது கிண்ணத்தைச் சட்டத்தில் நிலைநிறுத்துகிறது; மூன்றாவது கிராங்க் அச்சில் வழுக்காமல் கவ்விக்கொள்ளச் செய்கிறது; நடுவிலுள்ளதோ எதையும் பிடித்து வைப்பதில்லை, இரு கிராங்குகளையும் பேரிங்கின் பக்கங்களோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்கச் செய்வது மட்டுமே அதன் வேலை. பிரீலோட் என்பது இந்த நடுவிலுள்ள செயலின் விளைவு. ஆனால் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் மூன்று இடத்திலும் ‘இறுக்கவும்’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது.

இதன் விளைவை நானே பார்த்திருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்த குறிப்பைப் பார்த்துக் கிராங்க் மாட்டிய நண்பர் ஒருவர், ‘மூடியை இறுக்கவும்’ என்றிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குரிய கைக்கருவி போதாதென்று இடுக்கியையும் சேர்த்துப் பிடித்துத் திருகியிருந்தார். சங்கிலியைப் பற்சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டுக் கிராங்கைச் சுழற்றிப் பார்த்தேன். கையை எடுத்ததும் நின்றுவிட்டது. மூடியைக் கழற்றியபோது அதன் உட்பற்கள் மழுங்கி, கறுப்புப் பிளாஸ்டிக் இழைகள் கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. அவர் எழுதியிருந்தபடியே செய்தவர். தவறு என் சொல்லில் இருந்தது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. மூடியைத் திருகாமலே பக்கவாட்டுப் போல்ட்டுகளைப் பூட்டிவிட்டால், அவை குறுக்காகக் கவ்வுமே தவிரக் கிராங்கை உள்ளே இழுக்காது. ஆகவே இடைவெளி அப்படியே தங்கிவிடும். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தால் ‘டொக்’கென்று ஓர் ஆட்டம் தெரியும். இரு கிராங்குகளும் அச்சோடு சேர்ந்து நகர்ந்தால் குறை பிரீலோடில் இருக்கிறது. ஒன்று அசையாதிருக்க மற்றொன்று மட்டும் அசைந்தால், குறை அச்சும் கிராங்கும் சேரும் பிடிப்பில் இருக்கிறது. இடது கிராங்கின் தடைத்தகட்டிலுள்ள (கிராங்க் கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு தகட்டிலுள்ள) முளை அச்சின் துளையில் இறங்க மறுத்தால், இவ்விரு குறைகளையும் விட்டுவிட்டு, கிண்ணம் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, தேவையில்லாத இடைவளையம் ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலைச் சைக்கிள் கிராங்கை 68 மி.மீ. அடிக்குழலில் மாட்ட 2.5 மி.மீ. இடைவளையங்கள் மூன்று தேவைப்படும். அவற்றை எடுக்காமல் அதே கிண்ணங்களில் ரோடு கிராங்கை மாட்டினால் முளை இறங்காது.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘முன்சுமை’ என்றதும் மிதிப்பவரின் எடையோ முன்சக்கரத்தின் பாரமோதான் மனத்தில் எழுகிறது. ‘முன்னழுத்தம்’ மின்னழுத்தத்திலிருந்து ஒரே உயிர்க்குறியால் வேறுபடுகிறது. மின் கியர் மாற்றியும் மின்கலமும் உள்ள சைக்கிளின் கையேட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரக்கூடும். ‘முன்னிறுக்கம்’ நாம் விலக்க நினைக்கும் அதே ‘இறுக்கம்’ என்ற சொல்லைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது.

மூன்றுக்கும் பொதுவான ‘முன்’ என்பதில்தான் எனக்குப் பெரிய இடர்ப்பாடு. வேலைப்பளு வந்து சேர்வதற்கு முன்பே பேரிங்கில் இருக்கும் அழுத்தம் என்பது அதன் பொருள். ஆனால் படிப்பவர் அதை ‘முதலில் செய்வது’ என்றே எடுத்துக்கொள்வார். ஷிமானோவில் அந்த வரிசை தற்செயலாகப் பொருந்துகிறது. ஸ்ராம் நிறுவனத்தின் ‘டப்’ வகைக் கிராங்கில் முதலில் கிராங்கின் பெரிய போல்ட்டை 54 நியூட்டன் மீட்டருக்குப் பூட்டிவிட்டு, அதன் பின்னரே இடது கிராங்கை ஒட்டியுள்ள வளையத்தை விரலால் திருப்பிப் பேரிங்கைத் தொடவைத்து, அதன் சிறு திருகைப் பூட்டுகிறோம். அங்கே ‘முன்’ என்பது பின்னால் வருகிறது! கம்பக்னோலோ நிறுவனத்தின் ‘அல்ட்ரா டார்க்’ வகைக் கிராங்கிலோ, இரண்டு பாதி அச்சுகள் நடுவில் பற்களால் கோத்துக்கொள்ள, உள்ளிருக்கும் அலைவளையமே (அலைபோல் வளைந்த வில்வளையமே) அந்த அழுத்தத்தைத் தந்துவிடுகிறது. பொருத்துபவர் தனியாக எதையும் திருகுவதில்லை. ஆகவே நமக்குத் தேவையானது ஒரு செயலின் பெயரன்று, ஒரு நிலையின் பெயர்.

பட்டறையில் இந்த நிலைக்கு எதிர்ச்சொல் ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது: ‘ஆட்டம்’. பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு இணையாக ‘அணைவு’ என்பதை முன்வைக்கிறேன். அச்சின் திசையில் நேரும் அசைவு அச்சாட்டம். அச்சின் திசையில் நெருங்கி ஒட்டி நிற்பது அச்சணைவு. ‘அணைவு குறைந்தால் ஆட்டம், மிகுந்தால் உரசல்’ என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது. அணைவு மூடி, அணைவு வளையம் என்று உறுப்புகளுக்கும் பெயர் கிடைக்கிறது. வேதியியலில் ‘அணைவுச் சேர்மம்’ வழக்கில் உள்ளது உண்மைதான். இரண்டு துறைகளும் ஒரே பக்கத்தில் சந்திக்க வாய்ப்பில்லாததால் அதை நான் தடையாகக் கருதவில்லை. ‘அணைக்கவும்’ என்ற வினை மட்டும் விளக்கை நினைவூட்டும் என்பதால், ‘அணைவு கொடுக்கவும்’ என்று எழுதலாம்.

முன்பக்க ஹெட்செட்டிலும் (ஹேண்டில்பாரோடு முன்சக்கரம் திரும்ப உதவும் பேரிங் தொகுதியிலும்) இதைச் சோதித்துப் பார்த்தேன். மேல்மூடியின் போல்ட் அணைவு கொடுக்கிறது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகள் கவ்வுகின்றன. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் தெரிவது ஆட்டம். சொல் அங்கேயும் சரியாகவே உட்காருகிறது.

கிராங்க், பேரிங், போல்ட் ஆகியவற்றை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அவற்றால் யாரும் தவறாகத் திருகவில்லை. என் பழைய குறிப்பை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘கிண்ணங்களை இறுக்கவும். மூடியை விரலால் திருகி, ஆட்டம் மறையும் வரை மட்டும் அணைவு கொடுக்கவும். முளை துளையில் இறங்கியதை உறுதிசெய்துகொண்டு, இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றித் திருகிக் கவ்வச் செய்யவும்.’ இவ்வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இதுவரை கிராங்க் மாட்டியிராத ஒருவரை மாட்டச் சொல்லிப் பார்த்து, அவர் எந்த இடத்தில் தயங்கினார் என்று எழுதுங்கள்.