தாண்டிக்குடியில் பார்த்த சாம்பல் கிளி

தாண்டிக்குடியிலிருந்து:
போன மாசியில் மாமாவின் காபித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நிழலுக்கு வைத்த முள்முருங்கை இலையெல்லாம் கொட்டி, சிவப்பாகப் பூத்து நின்றது. அதில் ஏழெட்டுக் கிளிகள். ஊரில் பார்க்கிற கிளிதானே என்று இருந்துவிட்டேன். ஒன்று வெயில் பக்கம் திரும்பியதும்தான் கண்ணில் பட்டது. தலை, மார்பு, முதுகு எல்லாம் புறாச் சாம்பல். கழுத்தில் கறுப்பு வளையம், அதை ஒட்டி மயில்கழுத்து நிறத்தில் இன்னொரு வரி. பறந்தபோது இறக்கையும் நீண்ட வாலும் நீலம், வால் நுனி மட்டும் மஞ்சள். பூவைக் கிள்ளி, அடியைக் கடித்துத் தேனைக் குடித்துவிட்டுக் கீழே போடுகிறது. மரத்தடி முழுக்கப் பூக்குப்பை. "மலைக்கிளி மாப்ளே, தினம் வரும்" என்றார் மாமா. கூடவே கறுப்பு அலகோடு ஒன்று இருந்தது. அது வேறு இனமா?

கூடலூரிலிருந்து:
அதே இனம்தான் தம்பி, பெண். நீலச்சிறகுக் கிளி என்பார்கள். ஆணுக்கு மேல் அலகு சிவப்பு. பெண்ணுக்கு அலகு கறுப்பு, அந்த மயில்கழுத்து வரியும் கிடையாது. புறா என்று நீங்கள் சொன்னது சரி, அறிவியல் பெயரில் வருகிற 'கொலம்பாய்டெஸ்' என்பதற்கே புறாவைப் போன்றது என்றுதான் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. நான் ரொம்ப நாள் செந்தலைக் கிளியின் பெண்ணை இதுவென்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அதற்கும் தலை சாம்பல்தான். ஆனால் அலகு மஞ்சள், வால் நுனி வெள்ளை. எங்கள் பக்கம் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் பூத்தால் போதும், ஆளைப் பார்க்கும் முன்பே கத்தல் கேட்டுவிடும்.

குன்னூரிலிருந்து:
இதைத் தேடி ஊட்டிக்குப் போய் ஏமாந்தவள் நான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இது பெரும்பாலும் 1,600 மீட்டருக்குக் கீழேயே இருந்துவிடும். அப்புறம் பர்லியார் பக்கம் இறங்கித்தான் பார்த்தேன். பட்டுப்போன மரத்தில், மரங்கொத்தி விட்டுப்போன பொந்து. பெண் தலையை மட்டும் வெளியே நீட்டும். ஆண் வந்து உட்காரும். அரை மணி நேரம் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும் காலம் என்பதால் அடுத்த தையிலும் ஆசையாகப் போனேன். மரமே இல்லை. பட்ட மரம்தானே என்று விறகுக்கு வெட்டியிருந்தார்கள்.

தாண்டிக்குடியிலிருந்து:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். வேலி ஓரம் பட்ட மரம் இரண்டு நிற்கிறதாம், மழைக்கு முன்னால் வெட்டப்போகிறாராம். பங்குனி முடியும் வரையாவது விடுங்கள் என்றேன். "கிளி வாடகை தருமாடா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். பொங்கலுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.