புதுப்பிப்பு: வை.மு.கோ. வாழ்க்கை வரலாறு, பழைய இதழ்களும் அனுமதியும்

நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகி அம்மாள் பற்றிய என் புத்தகத்துக்காக இங்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். அவர் 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ மாத இதழின் பழைய பிரதிகளைச் சென்னையில் எங்கே பார்க்கலாம்? அவர் எழுத்தை நீளமாக எடுத்துப் போட யாரிடம் அனுமதி வாங்குவது? பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. இதற்கிடையே திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டிலும் பைண்டு செய்த தொகுதி ஒன்று கிடைத்தது. ஆனால் பைண்டு செய்தவர் அட்டைகளைக் கழற்றிவிட்டதால் எந்த மாத இதழ் என்றே தெரியவில்லை. நூலகத்து இதழ்களில் உள்ள தொடர்கதை அத்தியாய எண்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக மாதம் கண்டுபிடித்தேன். நான்கு நாள் வேலை. பழைய இதழ் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அட்டையோடு பைண்டு செய்யுங்கள்.

சரி, அனுமதி. எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும் என்று ஒருவர் சொன்னது சரி. கோதைநாயகி அம்மாள் இறந்தது 1960. எனவே அவர் காலத்தில் வெளியான எழுத்துகளுக்கு 2020 முடிவோடு காப்புரிமை தீர்ந்தது. கடிதம், நாட்குறிப்பு போன்று அச்சேறாதவை அப்படியல்ல. அவற்றுக்கு 60 ஆண்டு முதன்முதலாக வெளியான பிறகே தொடங்கும். ஆகவே வாரிசுகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இதை நான் யோசித்திருக்கவே இல்லை. கடித அத்தியாயத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்; மற்றவை பதிப்பாளரிடம் போய்விட்டன.