25ஆவது கோர்: தனிப்படை கொடுத்தது மரியாதையா, ஒதுக்கலா?

கரிசல்காட்டான்
அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றாலே பேச்சு கெட்டிஸ்பர்க் சண்டையில் போய் நின்றுவிடுகிறது. அதைவிட எனக்குப் பெரியது 1864 டிசம்பர் 3. பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைநகர் ரிச்மண்டை நெருக்கிக்கொண்டிருந்த வடக்கின் ஜேம்ஸ் சேனையில் 10, 18 என்று இரண்டு கோர் இருந்தன. சில டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படைதான் கோர். அன்று இரண்டையும் கலைத்து, வெள்ளையர் காலாட்படையை 24ஆவது கோர் என்றும், கறுப்பின ரெஜிமென்ட்களை 25ஆவது கோர் என்றும் ஆக்கினார்கள். வடக்கின் இன்னொரு படையான பொட்டோமேக் சேனையின் 9ஆவது கோரில் இருந்த கறுப்பின டிவிஷனும் இங்கே வந்தது. தளபதி காட்ஃப்ரி வைட்சல். சில வருடம் முன்பு சந்தையில் விலைபேசப்பட்டவர்கள் இப்போது ஒரு முழு கோர்! இதைப் பெருமை என்று சொல்லாமல் எதைச் சொல்வது?

நீலமலை
நீங்க எழுதினதையே திரும்பப் படிங்க சார். வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம். இதுக்குப் பேரு பெருமையா? அதே வருஷம் செப்டம்பர் 29, ரிச்மண்ட் பக்கத்துல நியூ மார்க்கெட் ஹைட்ஸ்ல இதே ஆட்கள் 18ஆவது கோர்ல இருந்துதான் மோதினாங்க. அதிகாரிங்க விழுந்ததும் சார்ஜன்ட்டுகளே கம்பெனியை முன்னால நடத்தினாங்க. அந்தச் சண்டைக்காக மட்டும் 14 கறுப்பின வீரர்களுக்கு அமெரிக்க ராணுவத்தோட உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானர். ஒரே கோர்ல இருந்தே நிரூபிச்சாச்சு. அப்புறம் எதுக்குத் தனிப் பந்தி?

கரிசல்காட்டான்
ஒரே பந்தியில் அவர்களுக்கு என்ன பரிமாறினார்கள் என்பதையும் பாருங்கள். ரிச்மண்டுக்குத் தெற்கே பீட்டர்ஸ்பர்க், 1864 ஜூலை 30. எதிரியின் அரணுக்கு அடியில் சுரங்கம் வெட்டி வெடிமருந்து வைத்திருந்தார்கள். வெடித்ததும் முதலில் பாய வேண்டியது 9ஆவது கோரின் கறுப்பின டிவிஷன், அதற்காகவே பழகியிருந்தார்கள். முந்தின நாள் பொட்டோமேக் சேனையின் தளபதி ஜெனரல் மீட் அதை மாற்றிவிட்டார். பழகாத வெள்ளை டிவிஷன் முதலில் போய்ப் பள்ளத்துக்குள் சிக்கியது. எல்லாம் கெட்டுப்போன பிறகு கறுப்பின டிவிஷனை அதே பள்ளத்துக்கு அனுப்பினார்கள். சரணடைந்தவர்களைக்கூட எதிரிகள் கொன்றார்கள். அந்த டிவிஷனில் மிஞ்சியவர்கள்தான் டிசம்பரில் 25க்கு வந்தவர்கள்.

இங்கே அவர்களுக்கென்று ஒரு சின்னம் கிடைத்தது, சதுரம். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இவர்கள் தங்கள் விடுதலையை வென்றதோடு உலகத்தின் தப்பெண்ணத்தையும் உடைத்தார்கள் என்று வரலாறு எழுதட்டும் என்ற பொருளில் வைட்சல் 1865 பிப்ரவரியில் ஆணையே போட்டார்.

நீலமலை
வைட்சல் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி 1862க்குப் போங்க. லூசியானாவில கறுப்பின ரெஜிமென்ட்களை அவர்கிட்ட ஒப்படைச்சப்ப, இவங்களுக்கு நான் தளபதியா இருக்க முடியாதுன்னு தன் மேலதிகாரி ஜெனரல் பட்லருக்கு எழுதினவர் அவர். மனசு மாறியிருந்தா சந்தோஷம்தான். ஆனா 25ல அதிகாரிங்க ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர். 4ஆவது ரெஜிமென்ட்டோட கிறிஸ்டியன் ஃப்ளீட்வுட்டை எடுத்துக்கோங்க. நியூ மார்க்கெட் ஹைட்ஸ்ல கொடி பிடிச்ச ரெண்டு பேர் சுடப்பட்டு விழுந்த பிறகு, அந்தக் கொடியைத் தூக்கி சண்டை முடியும்வரை கீழே விடாதவர். அவரை அதிகாரி ஆக்கணும்னு அவரோட வெள்ளை அதிகாரிகளே எழுதிக் கேட்டாங்க. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் கொடுக்கல. அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட சார்ஜன்ட் மேஜராவே வீட்டுக்குப் போனார்.

தமயந்தி
தம்பிகளா, ரிச்மண்டை விட்டுட்டீங்களே. 1865 ஏப்ரல் 3 காலை. பின்வாங்கினவங்க கிடங்குகளுக்கு வச்ச தீ ஊரையே தின்னுக்கிட்டிருந்தது. உள்ளே வந்து அணைச்சது வைட்சலோட வீரர்கள். அவங்கள்ல 28ஆவது கறுப்பின ரெஜிமென்ட்டோட மதகுரு கார்லண்ட் ஒயிட். சின்ன வயசுல அடிமையா விற்கப்பட்டு, தப்பிச்சு கனடாவுக்கு ஓடினவர். ஒரு வயசான அம்மா வந்து அவர்கிட்ட ஒவ்வொண்ணா கேக்கிறாங்க. உன் பேரு என்ன? உங்க அம்மா பேரு? உன்னை எந்த ஊர்ல வித்தாங்க? வாங்கினவன் யாரு? எல்லாத்துக்கும் பதில் கேட்ட பிறகு, நான்தான் உன் அம்மான்னாங்க. இருபது வருஷ ஏக்கம். அவரே எழுதின கடிதத்துல இருக்கு. படிச்ச அன்னைக்கு எனக்கு வேறெந்த வேலையும் ஓடல.

நீலமலை
அக்கா, கலங்கடிச்சுட்டீங்க. ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். சில நாள்லயே அந்தப் படையை ரிச்மண்டை விட்டு வெளியே கொண்டுபோனாங்க. மற்றவங்க ஊர் திரும்பிக்கிட்டிருந்தப்ப, இவங்களைக் கப்பல்ல ஏத்தி டெக்சாஸ் எல்லைக்கு. மெக்சிகோவில பிரான்ஸ் உட்கார வச்ச பேரரசர் மாக்சிமிலியன் ஆட்சி இருக்கு, கண்காணிக்கணும்னு. நல்ல தண்ணி இல்ல, காய்கறி இல்ல, அதனால ஸ்கர்வி நோய். தனி கோரா இருந்ததாலதான் மொத்தமா அள்ளிப்போட முடிஞ்சது.

கரிசல்காட்டான்
அவர்கள் தாமதமாகச் சேர்ந்தவர்கள், ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்பது ராணுவம் சொன்ன காரணம். அது அந்த ஸ்கர்விக்குப் பதிலாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பீட்டர்ஸ்பர்க் பள்ளம் நடந்தது கலந்த கோரில், டெக்சாஸ் நடந்தது தனி கோரில். இரண்டு இடத்திலும் உத்தரவு போட்ட மேசையில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. கோளாறு அங்கேதான் என்கிறேன்.

நீலமலை
அதைத்தானே நானும் முதல்லேர்ந்து சொல்றேன். ஃப்ளீட்வுட்டுக்கு ஒரு லெப்டினன்ட் பதவியாவது கொடுத்திருந்தா, டிசம்பர் 3ஐ உங்களோட சேர்ந்து நானும் கொண்டாடியிருப்பேன்.