எல்லையோர ஊரில் சின்ன எம்எம்ஏ ஷோ: கூட்டம் சேர்ப்பது எப்படி?

சித்தூர்க்காரன்:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஜிம் நடத்துகிறோம். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) ஷோவும் போடுகிறோம். பெரும்பாலும் அமெச்சூர் ஃபைட், கடைசியில் ஒன்றிரண்டு புரோ ஃபைட். பையன்கள் பொள்ளாச்சி, கோவை, திருச்சூர், பாலக்காடு டவுன் என்று நாலு பக்கமிருந்தும் வருகிறார்கள். தரம் நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கூட்டம்தான் பிரச்சினை. வருகிறவர்கள் எல்லாரும் சண்டை போடுகிற பையனின் சொந்தக்காரர்கள், கூட்டாளிகள், கூடப் பயிற்சி எடுப்பவர்கள். அவன் ஃபைட் முடிந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு மொத்தமாக வெளியே போய்விடுகிறார்கள். மெயின் ஃபைட் ஆரம்பிக்கும்போது முன்வரிசை நாற்காலியே காலி. பொதுவான ரசிகர் என்று சொல்ல ஒரு பத்துப் பேர் இருந்தால் பெரிது. சினிமா ஆள் ஒருவரை விருந்தினராகக் கூப்பிடு என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், யூடியூபில் இலவசமாக லைவ் போடு என்று இன்னொரு பக்கம். லைவ் போட்டால் டிக்கெட் வாங்குகிறவனும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவானோ என்று பயம். அப்புறம் மைக்கில் தமிழா மலையாளமா என்று ஒவ்வொரு தடவையும் தகராறு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை கிராப்ளர்:

அண்ணா, அந்தக் கூட்டாளிக் கூட்டத்தைக் குறையாகப் பார்க்காதீர்கள், உங்கள் கையில் இருக்கிற முதல் அதுதான். இங்கிலாந்துக்காரர் பேடி பிம்ப்ளெட் 2021-ல் எம்எம்ஏ உலகின் மிகப் பெரிய நிறுவனமான யுஎஃப்சிக்குப் போனார். அதற்கு முன்பே அவருடைய சொந்த ஊர் லிவர்பூலில், அவரை நம்பித்தான் கேஜ் வாரியர்ஸ் என்ற, அதைவிடச் சின்ன ஐரோப்பிய நிறுவனம் பெரிய அரங்கத்தில் ஷோ போட்டது. ஊர்க்காரனைப் பார்க்க ஊர் வரும், எங்கேயும் அப்படித்தான். ஒருவனைப் பார்க்க வந்தவர்களை இன்னொருவனையும் பார்க்க வைப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு மேட்ச்மேக்கிங்கில்தான் கை வைக்க வேண்டும். இப்போது நீங்கள் செய்வது, கிடைத்த இரண்டு பேரை எடை பார்த்து மோதவிடுவது. ஜெயித்தவன் போய்விடுகிறான், கதை அங்கேயே முடிந்தது. அதற்குப் பதிலாக ஒரே எடையில், 57 கிலோ என்று வையுங்கள், நாலு ஊரிலிருந்து நாலு பேரை எடுங்கள். இந்த ஷோவில் இரண்டு அரையிறுதி, அடுத்த ஷோவில் இறுதி. முதல் அரையிறுதியில் ஜெயித்தவன் ஊர்க்காரர்கள் இரண்டாவதைப் பார்க்காமல் எழுந்து போக மாட்டார்கள், அடுத்து தங்கள் பையன் மோதப்போவது யாரோடு என்று தெரிய வேண்டுமே. இரண்டும் முடிந்ததும் இருவரையும் கூண்டுக்குள் எதிரெதிரே நிறுத்தி, அடுத்த தேதியை அங்கேயே சொல்லுங்கள். டிக்கெட்டையும் அன்று ராத்திரியே வாசலில் வைத்து விற்றுவிடுங்கள்.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்து ஷோக்களில் ஆளை விரட்டுவது பொன்னாடை. நல்ல நாக் அவுட் ஒன்று விழுந்து மண்டபமே கத்திக்கொண்டிருக்கும்போது மைக்கைப் பிடித்து ஸ்பான்சர், வார்டு மெம்பர், மாஸ்டர், மாஸ்டரின் மாஸ்டர் என்று வரிசையாகக் கூப்பிட்டு சால்வை போர்த்தி போட்டோ எடுக்கிறார்கள். சூடு அப்படியே இறங்கிவிடுகிறது. மரியாதை எல்லாவற்றையும் முதல் ஃபைட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒரு ஃபைட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் கடைசி மணி அடித்துவிட வேண்டும், பொள்ளாச்சிக்காரன் பஸ் பிடிக்க வேண்டும். ஷோ நீளாமல் இருக்க பத்து ஃபைட் தாராளம்.

தரையில் கிடந்து பிடிக்கிற சண்டை புதிதாக வந்தவர்களுக்குப் புரிவதில்லை. ‘எழுப்பி விடு, எழுப்பி விடு’ என்று ரெஃப்ரியைப் பார்த்துக் கத்துவார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். மைக்கில் ஒரு ஆள் அதை மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். முதுகில் ஏறிவிட்டான், இரண்டு காலையும் இடுப்பில் கோத்துவிட்டான், இப்போது முன்கை தாடைக்குக் கீழே போக வேண்டும், கீழே இருக்கிறவன் தாடையை நெஞ்சோடு அழுத்தி அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறான் பாருங்கள், அந்தப் பிடி நழுவினால் கழுத்து மாட்டிக்கொள்ளும், அப்புறம் சில நொடிதான். இவ்வளவு போதும், நின்று அடிக்கிற சண்டையை விட இதற்கு அதிகமாகக் கத்துவார்கள். நான் ஒரு ஷோவில் இப்படிச் சொல்லிப் பார்த்தேன், பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ‘தாடையைத் தூக்காதே’ என்று கீழே கிடந்த பையனுக்கே யோசனை சொன்னார்கள்.

வேலந்தாவளம்:

கிராப்ளர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் தெரிந்த முகம் ஒன்று இல்லாமல் புது ஆள் வர மாட்டான். போலந்தைப் பாருங்கள். அங்கே கேஎஸ்டபிள்யூ என்ற எம்எம்ஏ நிறுவனம் 2004-ல் வார்சாவில் ஒரு ஹோட்டலுக்குள் சின்னதாகத் தொடங்கியது. 2009-ல் உலகத்தின் பலசாலிப் பட்டத்தை ஐந்து தடவை வாங்கிய புட்சியானோவ்ஸ்கியைக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள், நாடே டிவி முன்னால் உட்கார்ந்தது. 2017-ல் வார்சா தேசிய ஸ்டேடியத்தில் 57,000-க்கும் மேல் ஆட்கள். நம் பக்கமும் ஜிம் ரீல்ஸ் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள், ஆணழகன் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், ஒருவரைக் கூட்டி வந்தால் ஒரே ராத்திரியில் மண்டபம் நிறையும்.

கோவை கிராப்ளர்:

வேலந்தாவளம், புட்சியானோவ்ஸ்கி வந்து கைகாட்டிவிட்டுப் போகவில்லை, பத்து வருஷத்துக்கு மேல் உண்மையிலேயே சண்டை போட்டார். அந்த நிறுவனத்தின் ஷோக்களில் மாமெத் காலிடோவ் மாதிரி உலகத்தரமான ஆட்கள் இருந்தார்கள். பலசாலியைப் பார்க்க வந்தவன் காலிடோவைப் பார்த்துவிட்டுத் தங்கிவிட்டான். நம் நாட்டிலேயே 2012-ல் சூப்பர் ஃபைட் லீக்கை மும்பையில் ஆரம்பித்தபோது மெயின் ஃபைட்டுக்கு வெளிநாட்டுக்காரர்களான பாப் சாப்பையும் ஜேம்ஸ் தாம்சனையும் கொண்டுவந்தார்கள், சினிமாப் புள்ளிகளும் பின்னால் இருந்தார்கள். அந்தச் சண்டை இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை, பாப் சாப் காலில் அடிபட்டுத் தோற்றார். அன்றைக்குப் புதிதாக வந்தவன் எந்த இந்தியப் பையனின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்? இதுதான் என் கேள்வி. ரீல்ஸ் பையனை ஒரு மாதம்கூடப் பயிற்சி இல்லாமல் கூண்டுக்குள் விடுவதும் ஆபத்து, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மீனாட்சிபுரம் கோச்:

நான் பெண் பிள்ளைகளுக்கு ஜூடோவும், வூஷூ என்ற சீனச் சண்டைக்கலையும் சொல்லிக்கொடுக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் மண்டபத்தில் பெண்கள் எத்தனை பேர் உட்காருகிறார்கள் தம்பி? பையனின் அம்மா வருகிறாரா? ஊரில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிட்டுக் கூட்டம் இல்லை என்கிறோம்.

இன்விக்டா என்று பெண்களுக்கு மட்டும் ஷோ போடுகிற அமெரிக்க ப்ரோமோஷன் 2012-ல் ஷானன் நேப் தொடங்கியது, முதல் ஷோவை இன்டர்நெட்டில் இலவசமாகவே காட்டினார்கள். 2013 கடைசியில் யுஎஃப்சி பெண்களுக்கு 52 கிலோ பிரிவு ஆரம்பித்தபோது இன்விக்டாவிலிருந்துதான் 11 பேரை மொத்தமாக எடுத்தது, அந்தப் பிரிவின் முதல் சாம்பியன் கார்லா எஸ்பார்சாவும் அங்கிருந்து போனவர். பெரிய ஷோக்காரர்கள் கண்டுகொள்ளாத இடத்தில் சின்ன ஷோ முதலில் போய் நின்றது. நம் நாட்டுக் கணக்கிலும் யுஎஃப்சியில் முதன்முதலில் ஜெயித்த இந்தியர் ஒரு பெண், பூஜா தோமர், 2024 ஜூன் 8. ஆண்கள் யாருக்கும் அதற்கு முன் அது நடக்கவில்லை. அவரும் வூஷூவிலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்தில் ஜூடோ, மல்யுத்தம், வூஷூ என்று மெடல் வாங்கிவிட்டு அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாத பிள்ளைகள் சித்தூர் தாலுகாவிலேயே இருக்கிறார்கள், அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் இருக்கிறார்கள். அவர்கள் சண்டை போட்டால் வீடு முழுக்க வரும், கூடப் படிக்கிறவர்கள் வருவார்கள், டீச்சர் வருவார். ஆனால் அதை முதல் ஃபைட்டாகப் போட்டு ஒதுக்கக் கூடாது, நடுவில் நல்ல இடம் கொடுங்கள்.

அம்மாக்கள் வர வேண்டுமென்றால் அவர்கள் நம்ப வேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட வேண்டும், ஆம்புலன்ஸ் வாசலில் ரோட்டுப் பக்கம் முகம் திரும்பித் தயாராக நிற்க வேண்டும். 2019 டிசம்பரில் பாலக்காட்டுக்காரர் தனராஜன், கொல்கத்தாவில் பெரிய கால்பந்து கிளப்புகளுக்கு ஆடியவர், பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து) ஆடும்போது மைதானத்திலேயே சரிந்து இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு உதவ அடுத்த மாதம் பாலக்காட்டில் வைத்த ஆட்டத்தில் தற்காலிக கேலரி இடிந்து நிறையப் பேர் அடிபட்டார்கள். இந்த வட்டாரத்தில் யாரும் அதை மறக்கவில்லை. அமெச்சூர் ஃபைட்டில் முழங்கை அடி கிடையாது, காலில் ஷின் கார்டு என்ற காப்பு உண்டு, நாக் அவுட் ஆனவனை இத்தனை நாளுக்கு இறக்க மாட்டோம் என்று போஸ்டரிலேயே போடுங்கள். குடித்துவிட்டு வருகிறவனை உள்ளே விடாதீர்கள், கள்ளுக்கடை சாயங்காலம் முழுக்கத் திறந்திருக்கிற ஊர் இது. சண்டை கூண்டுக்கு வெளியே ஒரு தடவை நடந்துவிட்டால் போலீஸ் அனுமதியும் போச்சு, குடும்பங்களும் போச்சு.

கொல்லங்கோட்டு ரசிகன்:

மொழித் தகராறைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே ஆள் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னால் இரண்டு பக்கமும் பாதிதான் கேட்கும். சிவப்பு மூலைப் பையனை அவன் ஊர் மொழியில் ஒருவர் அழைக்கட்டும், நீல மூலையை இன்னொருவர். ஃபைட் ஓடும்போது இருவரும் பேசிக்கொள்ளட்டும். தமிழ்க்காரர் கோவைப் பையனுக்கும் மலையாளி திருச்சூர்ப் பையனுக்கும் பரிந்து பேசினால் கேட்கவே நன்றாக இருக்கும், இங்கே எல்லாருக்கும் இரண்டும் புரியும்.

அடிதடி பார்ப்பது இந்த ஊருக்குப் புதிது இல்லை. பல்லசனையில் ஓணத்துக்கு ஓணத்தல்லு நடக்கிறதே, திறந்த கையால் மட்டும் அடிக்கலாம், முஷ்டி கூடாது, இரண்டு பக்கமும் ஊரே திரண்டு நிற்கும். வருஷா வருஷம் அதே இடம், அதே நாள் என்பதால் அதற்கு யாரும் போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை. நீங்களும் மண்டபத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டாவது சனிக்கிழமை, அதே இடம் என்று வைத்துவிடுங்கள். பக்கத்தில் செவன்ஸ் ஃபைனல் நடக்கிற ராத்திரியும், நெம்மாறா ‘வேலா’ கோயில் திருவிழா நாளும் வேண்டவே வேண்டாம். ஆனமலைப் பக்கம் ரேக்ளா ரேஸ் இருக்கிற ஞாயிறுக்கு முன்தினம்கூட யோசித்துச் செய்யுங்கள், அந்தக் கூட்டம் மாட்டோடு கிளம்பிவிடும். ஃபேஸ்புக் போஸ்டரை விட, மைக் கட்டிய ஜீப் ஒன்று சந்தை நாளில் கொழிஞ்சாம்பாறையையும் கோபாலபுரத்தையும் சுற்றி வந்து ‘நம்ம ஊர் பையன் சனிக்கிழமை இறங்குகிறான்’ என்று பெயரோடு சொன்னால் அதிகம் பேர் வருவார்கள்.

கோவை கிராப்ளர்:

லைவ் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் பாதி ஃபைட்டுகளை இலவசமாகக் காட்டுங்கள், கடைசி மூன்றை மறுநாள் போடுங்கள். துபாயில் வேலை பார்க்கிற அண்ணன் தன் தம்பியின் ஃபைட்டைப் பார்ப்பான், அவன் எப்படியும் டிக்கெட் வாங்குகிற ஆள் இல்லை. ஃபைட்டை விட முக்கியம் அதற்கு முன்னால் வருகிற மூன்று வாரம். யுஎஃப்சியையே 2001-ல் 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர்கள் வருஷக்கணக்காக நஷ்டத்தில்தான் ஓட்டினார்கள். 2005-ல் சண்டைக்காரர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துத் தங்கள் செலவிலேயே டிவி நிகழ்ச்சி எடுத்தார்கள், ஏப்ரல் 9 அன்று கிரிஃபின், போனர் இருவரும் மோதிய இறுதிச் சண்டையோடு நிலைமை மாறியது. அதற்குள் ஜனங்கள் வாரக்கணக்காக அந்த இருவரையும் டிவியில் பார்த்துப் பழகியிருந்தார்கள். உங்கள் பையன் காலையில் மூலத்தறைக் கால்வாய் ஓரம் ஓடுவது, அப்புறம் பால் சொசைட்டியில் கேன் இறக்குவது, ராத்திரி எடை குறைக்க வெறும் முட்டையும் கீரையும் சாப்பிடுவது, இதை ஒரு போனில் எடுத்து ஒரு நிமிடமாக வெட்டிப் போடுங்கள். வீடியோவை அவனுக்கும் கொடுத்துவிடுங்கள், அவன் போடுவதைத்தான் அவன் தெரு பார்க்கும். அவன் விற்கிற டிக்கெட்டில் அவனுக்கு ஒரு பங்கு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நாளைக்கு அவன் பெரிய ப்ரோமோஷனுக்குப் போனால் தடுக்காதீர்கள். அயர்லாந்துக்காரர் மெக்ரெகர் 2013-ல் கேஜ் வாரியர்ஸை விட்டு யுஎஃப்சிக்குப் போனதால் கேஜ் வாரியர்ஸுக்கு நஷ்டம் இல்லை, அதற்கப்புறம்தான் ஐரோப்பாப் பையன்கள் அங்கே கதவைத் தட்டினார்கள்.

சித்தூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பொன்னாடை விஷயத்தைக் கமிட்டியில் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டேன், முதல் ஃபைட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிடம், அதோடு சரி. 57 கிலோ நாலு பேர் ஐடியாவை அடுத்த ஷோவிலேயே செய்கிறோம். பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு மூவர் தயார், திருச்சூர் பக்கமிருந்து ஒருவர் வேண்டும், அமெச்சூரில் நாலைந்து ஃபைட் ஆனவராக இருந்தால் நல்லது. கோச் அக்கா, பெண்கள் ஃபைட் ஒன்று நடுவில் வைக்கிறேன், உங்களிடம் யாராவது இருக்கிறார்களா?

மீனாட்சிபுரம் கோச்:

52 கிலோவில் ஒரு பெண் இருக்கிறாள் தம்பி, ஜூடோவில் மாநில அளவு வரை போனவள், அடி வாங்கிப் பழக இன்னும் இரண்டு மாதம் வேண்டும். அதனால் அடுத்த ஷோவுக்கு இல்லை, அதற்கடுத்ததற்கு. எதிராளியை இப்போதே பேசி வையுங்கள், அனுபவம் சமமாக இருக்க வேண்டும். அவள் அம்மாவை மட்டும் அடுத்த ஷோவுக்கே கூட்டி வருகிறேன், டாக்டருக்குப் பக்கத்து வரிசையில் இரண்டு நாற்காலி எடுத்து வையுங்கள்.